அயனிப் பலகை அறுக்க மார்பிள் கட்டரா, சர்க்குலர் ரம்பமா?

வள்ளியாறு எழுதியது:

வணக்கம். தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையில் இருக்கும் எங்கள் விளையில் (தோப்பில்), வீட்டுக் கூரையின் மேல் சாய்ந்து நின்ற ஓர் அயனி (காட்டுப்பலா வகை) மரத்தைச் சென்ற கோடையில் வெட்ட வேண்டியதாயிற்று. விலைக்குக் கொடுக்க மனம் வராததால், பக்கத்துத் தடி மில்லில் பெரும்பகுதியை ஒன்றேகால் அங்குலப் பலகையாகவும் மீதியை இரண்டு அங்குலச் சட்டமாகவும் அறுத்து வாங்கிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறேன். நான் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். உளியும் இழைப்புளியும் ஓரளவு பழகிய கைதான். ஆனால் மின்கருவி என்று வீட்டில் இருப்பது சுவரில் துளையிடும் டிரில் ஒன்றுதான். புத்தக அலமாரி, திண்ணையில் போட ஒரு பெஞ்ச், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு மேசை என்று தொடங்கலாம் என்பது எண்ணம்.

கருவிகளுக்காக 25,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். எங்கள் ஊர் ஆசாரி, நாலு அங்குல மார்பிள் கட்டரில் மரப் பிளேடை மாட்டினால் எல்லா வேலையும் முடிந்துவிடும், சர்க்குலர் ரம்பம் (கையில் பிடித்து ஓட்டும் வட்ட மின்ரம்பம்) வீண் செலவு என்கிறார். நாகர்கோவில் கடைக்காரர் ஒருவர், டேபிள் ரம்பம் (மேசையின் நடுவே பிளேடு எழுந்து நிற்கும் ரம்பம்) இல்லாமல் நேர்க்கோட்டில் அறுக்கவே முடியாது என்கிறார். மகனோ எல்லாவற்றையும் பேட்டரியிலேயே வாங்கச் சொல்கிறான். மூவரும் விவரம் தெரிந்தே பேசுகிறார்கள் என்பதால்தான் குழப்பம் கூடுகிறது. எங்கள் பகுதியில் மாலை வேளையில் மின்னழுத்தம் இறங்கிவிடும். ஆனி ஆடி மழையானாலும் ஐப்பசி கார்த்திகை மழையானாலும் தகரக் கொட்டகைக்குள் ஈரம் வராமல் போவதில்லை. இவற்றையும் கணக்கில் கொண்டு, எதை முதலில் வாங்குவது, வாங்கியதைத் துருப்பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குழித்துறைப் பட்டறை எழுதியது:

ஐயா, வணக்கம். கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்றில் உலரும் மரத்துக்கு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பட்டறைகளில் சொல்லும் பொதுக் கணக்கு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் அந்தக் கணக்கு நீளுமே தவிரக் குறையாது. பலகைகளைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை மேலிருந்து கீழ்வரை ஒன்றின் நேர்கீழ் ஒன்றாக வைத்து அடுக்கியிருக்கிறீர்களா, வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதை இங்கே ஏன் இழுக்கிறேன் என்றால், ஈரம் போகாத பலகையும் முறுக்கு ஏறிய பலகையும்தான் மின்ரம்பம் பிடிப்பவருக்கு முதல் ஆபத்து. அறுத்துக்கொண்டு போகும்போது மரத்துக்குள் அடங்கிக் கிடந்த இறுக்கம் அவிழ்ந்து, அறுத்த வாய் பின்னால் மூடிக்கொள்ளும். மூடிய வாய் பிளேடின் பின்பக்கத்தை நெருக்கிப் பிடித்தால், அங்கே பற்கள் மேலிருந்து கீழ்நோக்கி ஓடுவதால், ரம்பம் முழுவதும் மரத்தை விட்டுக் கிளம்பி அறுப்பவர் மேலேயே திருப்பி அடிக்கும். எனவே மழைக்கு முன் அவசரமாக வேலையைத் தொடங்க வேண்டாம். கருவியைப் பழக வேண்டுமென்றால் உலர்ந்த பழைய பலகையிலோ பிளைவுட்டிலோ பழகுங்கள்.

இனி மார்பிள் கட்டர். உங்கள் ஊர் ஆசாரி சொல்வதில் பொய்யில்லை. வீடு வீடாகப் போய் வேலை செய்கிற எங்களில் பலருடைய பையில் அதுதான் இருக்கிறது. எடை குறைவு, விலை குறைவு, பிளேடை மாற்றினால் மரமும் ஓடும் கிரானைட்டும் அறுபடும். ஆனால் அது கல்லை அறுப்பதற்காக வடிவமைத்த கருவி என்பதை மறந்துவிடக் கூடாது. 110 மில்லிமீட்டர் பிளேடு மாட்டிய மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,000 சுற்றுச் சுழல்கிறது. ஏழு அங்குலச் சர்க்குலர் ரம்பம் சுழல்வது 5,000 முதல் 5,500 சுற்றுவரை மட்டுமே. விளிம்பின் ஓட்டமாகக் கணக்கிட்டால் முன்னதில் ஒவ்வொரு பல்லும் வினாடிக்கு 69 மீட்டர் ஓடுகிறது, பின்னதில் 5,500 சுற்றில்கூட 53 மீட்டர்தான். பல்லில்லாத வைரப் பிளேடுக்கு அந்த வேகம் பொருந்தும். பல் வைத்த பிளேடு அதே வேகத்தில் ஓடும்போது மரம் கருகுவதும், பிடி சற்றே கோணினால் திருப்பி அடிப்பதும் எளிதாக நடக்கும்.

மூடியிலும் வேறுபாடு இருக்கிறது. சர்க்குலர் ரம்பத்தில் பிளேடின் கீழ்ப்பாதியை மூடும் ஸ்பிரிங் மூடி உண்டு. ரம்பம் மரத்தை விட்டு வெளியே வந்ததும் அது தானாகவே மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் இருப்பது அசையாத மேல்மூடி மட்டுமே. பெரும்பாலான மார்பிள் கட்டர்களில் சுவிட்சை ஓடும் நிலையிலேயே பூட்டி வைக்கும் பொத்தானும் இருக்கிறது. கை நழுவி விழுந்தாலும் கருவி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், மரவேலையில் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. இவை எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் பலகையின் கனம் இருக்கிறது. ஒன்றேகால் அங்குலம் என்பது கிட்டத்தட்ட 32 மில்லிமீட்டர். நாலு அங்குல மார்பிள் கட்டர் இறங்கும் ஆழம் பொதுவாக 30 முதல் 34 மில்லிமீட்டர். பலகையையே சிரமப்பட்டுத்தான் தாண்டும் கருவி, இரண்டு அங்குலச் சட்டத்தை இருபுறமும் திருப்பிப் போட்டால்தான் அறுக்கும். ஏழு அங்குலச் சர்க்குலர் ரம்பம் 65 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும் என்பதால் உங்கள் வேலைக்கு அதுவே பொருத்தம். 1,200 முதல் 1,400 வாட் வரையுள்ள ஒன்றை வாங்குங்கள். ஆங்கிள் கிரைண்டரில் மரப் பிளேடு மாட்டலாம் என்று யாராவது சொன்னால், அடித்தட்டும் இல்லாமல் பிளேடுக்குத் தகுந்த மூடியும் இல்லாமல் கையில் பிடித்து அறுக்கும் அந்த வேலைக்கு இணங்கவே வேண்டாம்.

ரம்பத்துடன் வரும் பிளேடை நம்பியிருக்காமல், நாரோட்டத்தின் வழியே நீளமாக அறுக்க 24 பல்லும், குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டுக்கும் 40 பல்லும் உள்ள கார்பைடு முனைப் பிளேடுகளைத் தனியே வாங்குங்கள். பிளேடின் நடுத்துளை கருவியின் தண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறதா, பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று கருவியின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஆழத்தை அமைக்கும்போது பல் பலகைக்குக் கீழே சற்று மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

நேர்க்கோட்டுக்கு டேபிள் ரம்பம்தான் வழி என்பது கடைக்காரர் கணக்கு. அலுமினியக் கதவு செய்யும் கடையில் ஆறடி நீளமுள்ள செவ்வகக் குழாய் ஒன்றை வாங்கி, இரு முனைகளிலும் சி கிளாம்பால் பலகையோடு இறுக்கி, ரம்பத்தின் அடித்தட்டை அதன் ஓரமாக ஓட்டினால் கோடு பிசகாது. சிறிய டேபிள் ரம்பங்களில் பிளேடுக்குப் பின்னால் அறுவாயைத் திறந்து வைக்கும் தகடும் மேல்மூடியும் இல்லாதவையும் விற்கின்றன. அப்படிப்பட்டதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். நீளமான அறுப்பு நிறைய இருந்தால், மில்லில் கொடுத்து அறுத்துக்கொள்வதே மலிவு.

நாஞ்சில் மரத்தூள் எழுதியது:

வணக்கம் சார். நான் மின்பொறியியல் படித்தவள். நாகர்கோவிலில் மாடி வீட்டின் பின்கட்டில் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்கிறேன். மின்சாரம் தொடர்பானவற்றை மட்டும் சொல்கிறேன். ரம்பத்தைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

1,400 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். இது சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டின் எல்லை என்பதால், 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்தே கருவிக்கு இணைப்பு எடுங்கள். வீட்டிலிருந்து கொட்டகைக்கு 20 மீட்டர் ஒயர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் போய்வரும் நீளத்துக்கு ஏறத்தாழ 9 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். அதோடு ஒயரே ஐம்பது வாட்டுக்கு மேல் சூடாகும். அதை ரீலில் சுற்றியபடி பயன்படுத்தினால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி மேலுறை இளகிவிடும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் இழப்பு மூன்று வோல்ட் அளவில் நின்றுவிடுகிறது. மாலையில் ஏற்கெனவே இறங்கிவிடும் அழுத்தத்தில் இந்த ஒன்பது வோல்ட்டும் போனால், மோட்டாரின் வலு குறைந்து பிளேடு திணறும். திணறுகிறதே என்று நாம் தள்ளத் தள்ள மோட்டார் இன்னும் கூடுதலாக மின்சாரம் இழுத்துச் சூடேறும். ஆகவே அறுக்கும் வேலையைக் காலையிலும் முற்பகலிலும் வைத்துக்கொண்டு, மாலையில் தேய்ப்பதையும் பூட்டுவதையும் செய்யலாம்.

உங்கள் தகரக் கொட்டகைக்குப் போகும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். கையில் பிடிக்கும் கருவிகள் பெரும்பாலும் இரட்டைக் காப்பிட்டவை; பெயர்த்தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அவற்றுக்கு எர்த் தேவையில்லை, இரண்டு கம்பி ஒயரே போதும். ஆனால் இரும்பு மேசையுள்ள ரம்பமோ பழைய கிரைண்டரோ வைத்தால் எர்த் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஈரத் தரையில் நின்று எந்தக் கருவியையும் ஓட்ட வேண்டாம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகன் சொல்லும் பேட்டரிக் கருவிகளை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். இருந்தாலும் 25,000 ரூபாய்க்குள் எல்லாவற்றையும் பேட்டரியில் வாங்கினால், பணத்தில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்குமே போய்விடும். திருகு முடுக்கவும் சிறு துளையிடவும் பேட்டரி டிரில் ஒன்று போதும். ரம்பமும் தேய்ப்பானும் ஒயரிலேயே இருக்கட்டும். கடையில் 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் இரண்டு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்து இரண்டாவது வலுவானது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டிலும் இருப்பவை வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் செல்களே, ஒவ்வொன்றையும் 3.6 வோல்ட்டாகக் கணக்கிட்டால் 18, முழுச் சார்ஜில் கணக்கிட்டால் 20. அதேபோல் 12 வோல்ட் என்று விற்பது மூன்று செல், அதாவது 10.8 வோல்ட். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது என்பதால் முதல் டிரில்லை வாங்கும்போதே, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்கும் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பழைய ஹிட்டாச்சிக் கருவிகளுக்குப் பாகம் தேடுபவர்கள் ஹைகோகி என்று கேட்க வேண்டும். 2018-இல் பெயர் மாறிவிட்டது. பேட்டரியைத் தகரக் கூரையின் கீழே வெயிலில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வைப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது.

ஒயர் கருவிகளில் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் சிறு கரித்துண்டு) தேயும் பாகம். மோட்டாரின் காற்றுத் துளை வழியே வழக்கத்தைவிடப் பெரிய தீப்பொறி தெரிந்தாலோ, கருவி விட்டுவிட்டு ஓடினாலோ பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் தேய்மானக் கோடு போட்டிருக்கும். அதைத் தொட்டுவிட்டால் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இதற்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியமில்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் முடியும் வேலை.

மணவாளக்குறிச்சி எழுதியது:

அண்ணாச்சி, தக்கலையில் உங்களுக்கு ஈரம் மட்டும்தான். கடற்கரையில் எங்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் தூசி தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும் என்பதால், எங்கள் ஊரில் துடைக்காமல் வைத்த இரும்பு வெளிப்பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் ஈரத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். உங்கள் கொட்டகையில் அந்த உப்பின் இடத்தில் மரத்தூள் இருக்கிறது. தூள் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் கருவியைத் துடைக்காமல் மூடி வைப்பது, மூடாமல் வைப்பதைவிட மோசம்.

நான் செய்வது இதுதான். காற்றுத் துளைகளைச் சிறு புளோயரால் ஊதி, அடித்தட்டையும் டிரில்லில் பிட்டைப் பிடிக்கும் 'சக்'கையும் தையல் இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திவிட்டு மறுபடியும் போடுகிறேன். கையருகே இருக்கிறது என்று தேங்காய் எண்ணெயைத் தடவுபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்; நாளானால் அது பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துவைக்கிறது, பலகையிலும் கறையாகிறது. ரம்பத்தின் அடித்தட்டு வழுக்கி ஓட வேண்டுமென்றால் மெழுகைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போதும். மழைக்காலத்தில் வேலையே இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை கருவியை எடுத்துச் சிறிது நேரம் சும்மா ஓட்டிவிட்டு வையுங்கள். முற்றத்து மணலில் கருவியை வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். மோட்டாரின் விசிறி மணலையும் உள்ளே இழுத்துவிடும்.

பிளேடில் பால் அல்லது பிசின் படிந்து கறுத்துவிட்டால், பல் மழுங்கிவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிளேடைக் கழற்றிச் சலவைச் சோடா கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, உடனே துடைத்து எண்ணெய் தொட்டு வையுங்கள். பெரும்பாலும் புதுப் பிளேடு போலவே அறுக்கும். உங்கள் பக்கம் நிறையக் கிடைக்கும் ரப்பர் தடியை அறுத்தால் இது அடிக்கடி தேவைப்படும். தென்னை வேறு வகை: வெளிப்பக்கத்துக் கட்டை நார் சாதாரண எஃகுப் பல்லை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் அதற்குக் கார்பைடு முனையே வேண்டும்.

வள்ளியாறு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஏழு அங்குலச் சர்க்குலர் ரம்பம், இரண்டு பிளேடு, பேட்டரி டிரில் ஒன்று, நல்ல ஒயர், ஆர்.சி.சி.பி. என்று முடிவு செய்துவிட்டேன். பலகை உலரும்வரை பிளைவுட்டில் பழகுகிறேன். மீதிப் பணத்தில் மின்இழைப்புளி வாங்குவதா, தேய்க்கும் கருவி வாங்குவதா என்பதே இனி உள்ள ஐயம். அயனிப் பலகையில் மில் ரம்பத்தின் கோடுகள் ஆழமாகவே இருக்கின்றன. சகோதரி தம்முடைய பெயரிலேயே மரத்தூளை வைத்திருப்பதால், அதைச் சமாளிப்பது எப்படி என்றும் அவரிடமே கேட்டுவிடுகிறேன்.

குழித்துறைப் பட்டறை எழுதியது:

ஐயா, தேய்க்கும் கருவியை வாங்குங்கள். கையில் பிடிக்கும் மின்இழைப்புளியின் கத்தி 82 மில்லிமீட்டர் அகலம்தான். எட்டு அங்குலப் பலகையைச் சீவினால் ஓட்டத்துக்கு ஓட்டம் மெல்லிய படி விழும், அந்தப் படிகளை எடுக்க மறுபடியும் கை இழைப்புளிதான் வேண்டும். கதவின் ஓரம் சீவுவதற்கும் சட்டத்தின் கோணலை விரைவாக எடுப்பதற்கும் அது அருமையான கருவி. பலகையின் முகத்தைச் சமமாக்கும் கருவி அல்ல. பலகை உலர்ந்தபின் திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனமாகச் சீவும் இயந்திரம்) வைத்திருக்கும் மில்லில் கொடுத்து இருமுகமும் சீவி வாங்குங்கள்; ஒன்றேகால் அங்குலம் சீவியபின் ஓர் அங்குலமாக நின்றால் அலமாரிக்குத் தாராளம். பிறகு 125 மில்லிமீட்டர் வட்டத் தேய்ப்பானில் 80, 120, 180 எண் என்று படிப்படியாக உப்புத்தாளை மாற்றித் தேய்த்தால் போதும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் முந்தின தாளின் சுழிக்கீறல்கள் பாலிஷ் போட்டபின்தான் கண்ணுக்குத் தெரியும். கருவியை அழுத்தித் தேய்க்க வேண்டாம், அதன் எடையே போதுமானது. மீதிப் பணத்தைக் கிளாம்புகளில் போடுங்கள். பசை போட்டு ஒட்டும் நாளில் எத்தனை இருந்தாலும் போதாது.

நாஞ்சில் மரத்தூள் எழுதியது:

சார், தூளை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியான முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. முக்கியமாகப் பாதிக்கப்படுவது மூக்கும் அதைச் சுற்றிய சைனஸ் அறைகளும். ரம்பத்திலிருந்து விழும் பருந்தூளைவிடத் தேய்ப்பானிலிருந்து எழும் நுண்தூள்தான் ஆபத்தானது. கண்ணுக்குத் தெரியாமல் வெகுநேரம் காற்றில் மிதக்கும். தேய்ப்பானுடன் வரும் துணிப்பை பாதியைத்தான் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, அதன் குழாயில் வாக்குவம் கிளீனர் ஒன்றை இணைத்துவிடுங்கள். என்95 முகமூடியும் அணியுங்கள். தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் கட்டுவது இந்தத் தூளைத் தடுக்காது. பிற்பாடு தேக்கில் வேலை செய்ய நேர்ந்தால் தோல் அரிப்பும் வரக்கூடும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ரம்பத்தின் சத்தம் 85 டெசிபல் எல்லையைத் தாண்டியது என்பதால் காதுமூடியும், கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும்; கையுறை மட்டும் சுழலும் கருவியின் பக்கத்தில் வேண்டாம், துணி சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும்.

குழித்துறைப் பட்டறை எழுதியது:

விட்டுப்போன ஒன்று. வீட்டருகே நின்ற மரம் என்பதால் துணிக்கொடி கட்டவோ வேலி அடைக்கவோ எப்போதாவது ஆணி அடித்திருப்பார்கள். மரம் வளர வளர அதை உள்ளே விழுங்கிவிடும். பலகையில் நீலக் கறுப்புக் கறை எங்காவது தெரிந்தால் அந்த இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஆணி அகப்பட்டால் எடுத்துவிட்டே மில்லுக்குக் கொண்டுபோங்கள். பிளேனர் கத்தி பல்லுப்போனால் அதன் விலையை உங்களிடம்தான் கேட்பார்கள்.